முகத்துவாரம் அடைத்தால் பாடு எங்கே? பழவேற்காடு ஏரி: ஊர், பெயர், வலை, வாழ்க்கை

பதிவு 1 | கல்தூண்

வணக்கம். பழவேற்காடு போகிறவர்களுக்கு இணையத்தில் கிடைப்பதெல்லாம் டச்சுக் கல்லறை, பூநாரை, இறால் வறுவல் என்ற மூன்றுதான். ஏரிக்கரையில் இத்தனை ஊர்கள் எப்படிப் பிழைக்கின்றன, எதனால் இப்போது திணறுகின்றன என்று விவரமாகத் தமிழில் எழுதியவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் இங்கே கொட்டினால் எல்லோருக்கும் பயன்படும், நான் அதை ஒரு குறிப்பாகத் தொகுத்து வைக்கிறேன். மூன்று கேள்விகளோடு தொடங்குகிறேன்.

ஒன்று, ‘புலிக்காட்’ என்ற பெயருக்கும் புலிக்கும் தொடர்பு உண்டா? இரண்டு, ‘பாடு’ முறை என்கிறார்களே, அது நடைமுறையில் எப்படி? மூன்று, ஏரி நிறையத் தண்ணீர் கிடக்கும்போதே ‘ஏரி செத்துப்போச்சு’ என்று மீனவர்கள் சொல்வது ஏன்?

பதிவு 2 | உப்பங்கழி

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது புரியாமல் மற்ற இரண்டும் புரியாது.

பேச்சுவழக்கில் ஏரி. ஆனால் மதகு, கலங்கல், கரை எதுவும் இல்லாத உப்பங்கழி இது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளம். பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இதுதான். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. தெற்கில் ஆரணியாறு, மேற்கில் காளங்கி. இரண்டும் மழைக்காலத்தில் மட்டும் உயிருள்ள ஆறுகள். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. பல இடங்களில் இடுப்பளவுதான்.

இவ்வளவு ஆழம் குறைந்த தண்ணீர் வெயிலில் வேகமாக ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஏரியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அது நல்ல தண்ணீரை நெருங்கும் அளவுக்கு இறங்கும். முகத்துவாரம் அடைபட்ட கோடையில் ஒதுக்குப்புறமான பகுதிகளில் 50-ஐத் தாண்டும், அதாவது கடலைவிடக் கரிப்பு. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற ஒரே வழி முகத்துவாரம். ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது கடல் உள்ளே வரும், இறங்கும்போது ஏரி வெளியே போகும்.

இறாலின் வாழ்க்கையும் அந்த வாசலில்தான் இருக்கிறது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு கடுகளவில் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். சேறும் பாசியும் உள்ள ஆழமற்ற இடத்தில் மூன்று நான்கு மாதம் வளரும். விரல் நீளத்தைத் தாண்டியதும் மறுபடி கடலுக்குத் திரும்பும். வாசல் அடைத்தால் குஞ்சு உள்ளே வராது, உள்ளே இருப்பது வெளியே போய் இனம் பெருக்காது. ஏரி நிறையத் தண்ணீர் கிடக்கும், வலையில் ஒன்றும் இருக்காது. ‘செத்துப்போச்சு’ என்ற சொல் மிகையில்லை.

பதிவு 3 | ஓலைச்சுவடி

பெயர் பற்றி. புலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரர்களும் எழுதியது ‘பலியகாட்டே’ என்ற வகையான வடிவம். பழவேற்காடு என்ற பெயர் ழகரம் வராத வாயில் நசுங்கிய வடிவம் அது. அதிலிருந்து ஆங்கிலேயர் வாயில் புலிக்காட். ஆங்கிலப் பெயர் தமிழுக்குத் திரும்பி வந்தபிறகு அதில் ‘புலி’யைக் கண்டுபிடித்துக் கதை கட்டினார்கள். ஊரில் சொல்லும் விளக்கங்கள் வேறு. வேல மரங்கள் அடர்ந்த பழைய காடு என்பது ஒன்று. பழைய மரவேர்கள் பின்னிக் கிடந்த காடு என்பது இன்னொன்று. தெலுங்கில் ஏரிக்குப் பிரளய காவேரி என்று பெயர். பெயரிலேயே வெள்ளம் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு டச்சுக்காரர்கள் 1610-இல் இங்கே காலூன்றினார்கள். 1612-இல் போர்த்துக்கீசியர் வந்து தாக்கினார்கள். அதனால் 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்குத் தலைமையிடம் இதுதான். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825-இல் ஊர் முழுதாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இங்கிருந்து கப்பலேறியவற்றில் துணி முதலாவது. கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைக்கு ஐரோப்பாவில் ‘புலிக்காட்’ என்றே பெயர் வைத்தார்கள். வெடிமருந்து இங்கேயே செய்தார்கள். மனிதர்களையும் அடிமைகளாக பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். கல்லறையின் வேலைப்பாட்டை வியக்கிறவர்கள் இந்த மூன்றாவதையும் சேர்த்தே எழுத வேண்டும். சுற்றுலாக் குறிப்புகள் இதை விட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

கோட்டையில் இன்று பார்க்கக் கட்டடம் இல்லை, புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான். கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, 76 கல்லறைகள். வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள்.

பதிவு 4 | வலைக்கயிறு

பாடு பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

‘பாடு’ என்றால் வலை கட்டும் இடம். அந்த இடத்தில் வலை கட்டும் முறைக்கும் அதே பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பாதைகளில் சில இடங்கள்தான் இறாலுக்கு நல்ல இடங்கள். எல்லோரும் அங்கே ஒரே நாளில் போனால் வலைமேல் வலை விழும். முதலில் வருகிறவனுக்கே என்றால் தினமும் அடிதடி. அதனால் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்கள் முறை வைத்துக்கொண்டன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் சுழற்சியில் நாள் பிரித்துக்கொள்ளும். இன்று ஓர் ஊருடைய பாடு என்றால் மற்ற இரண்டும் அந்த இடத்தில் இறால் வலை கட்டாது.

ஊருக்குள் கணக்கு தலைக்கட்டு வழியாக ஓடும். திருமணமாகி ஊர்ப் பொதுக்காரியத்தில் பங்கெடுக்கிற ஆணுக்குத் தலைக்கட்டு. அவன் வரி கட்ட வேண்டும், ஊர்ப்பேச்சுக்குக் கட்டுப்பட வேண்டும். உதாரணத்துக்கு ஓர் ஊரில் 60 தலைக்கட்டு, மூன்று இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு 20 பேர். இன்று வடக்கே கட்டியவர்கள் அடுத்த முறை நடுவே, அதற்கடுத்த முறை தெற்கே. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் ஒரு சுற்றில் வந்துவிடும். அதிர்ஷ்டத்தைப் பங்கு போடுகிற ஏற்பாடு என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். பிடிபட்டதைப் பங்கு போடுவது அந்தந்தக் கூட்டுக்காரர்களின் பொறுப்பு.

கம்பு ஊன்றிக் கட்டும் வலை எப்படி வேலை செய்கிறது? ஓடையின் குறுக்கே கம்புகளை வரிசையாகச் சேற்றில் ஆழ ஊன்றுவார்கள். வலையின் வாய் ஏரிப்பக்கம் பார்க்கும், மடி கடல்பக்கம் நீண்டு கிடக்கும். ஓதம் இறங்கத் தொடங்கியதும் கட்ட வேண்டும். கடலுக்குத் திரும்புகிற இறால் இருட்டில், இறங்கும் நீரோட்டத்தோடு நகரும். அமாவாசையை ஒட்டிய இரவுகள் சிறந்தவை, நிலா இல்லை, ஓட்டமும் வலுவாக இருக்கும். பௌர்ணமியிலும் ஓட்டம் உண்டு, ஆனால் வெளிச்சத்தில் இறால் அடியோடு ஒட்டிக்கொள்ளும்.

எங்கே தவறும்? நீர் நிற்கும் நேரத்துக்கு முன்பே மடியைத் தூக்கிவிட வேண்டும். அசந்தால் ஓதம் திரும்பி மடி உள்பக்கமாகப் புரண்டு, பிடித்ததெல்லாம் வாய்வழியே போய்விடும். நண்டு அதிகம் விழுந்த இரவில் மடியைச் சீக்கிரம் பார்க்கவில்லை என்றால் கொடுக்கால் வலையை அறுத்துவிடும். மழைக்குப் பிறகு பாசியும் கோடையில் சொறி என்கிற ஜெல்லி மீனும் வலைக்கண்ணை அடைக்கும். வலை அடைத்தால் நீர் தள்ளும் விசை முழுதும் கம்புக்கு வரும். கம்பு சாய்ந்தால் அன்றைய பாடு முடிந்தது, அடுத்த முறை வரும் வரை காத்திருக்க வேண்டும்.

பதிவு 5 | கரைக்காற்று

வலைக்கயிறு அண்ணே, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் பாடு என்றால் சமத்துவம் என்று வாசிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. அது உள்ளே இருப்பவர்களுக்குள் சமத்துவம். பாடு உரிமை இல்லாத ஊர்களும் சாதிகளும் அதே ஏரிக்கரையில்தான் இருக்கின்றன. பெண்ணுக்குப் பாடு இல்லை. கைம்பெண் குடும்பம் என்ன செய்யும் என்பதை அந்தந்த ஊர்தான் முடிவு செய்யும்.

இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வலையும் இல்லை, படகும் இல்லை, கைதான் கருவி. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். பகலில் இறால் பாதி உடம்பைச் சேற்றில் புதைத்துக் கிடக்கும். விரல் பட்டதும் பின்பக்கமாகத்தான் துள்ளும். அதனால் ஒரு கை முன்னால் தடவ, மறு கை பின்னால் அணையாக நிற்க வேண்டும். பிடித்த இறால் பறிக்குள் போகும். பறி என்பது பனையோலையில் முடைந்த, வாய் குறுகிய கூடை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். நாலைந்து மணி நேரம் அப்படியே.

கெளுத்தி முள் குத்தினால் கை வீங்கிவிடும். கிளிஞ்சல் உடைசல் காலைக் கிழிக்கும், உப்புநீரில் அந்தப் புண் ஆறாது. முகத்துவாரம் அடைத்த வருடத்தில் முதலில் பட்டினி கிடப்பது இவர்கள்தான். படகு உள்ளவர் கடலுக்குப் போகலாம். கையை மட்டும் நம்பியவர் எங்கே போவது?

பதிவு 6 | வலைக்கயிறு

ஏற்றுக்கொள்கிறேன். என் பதிவில் அது வந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பாடு முறையின் கட்டுப்பாடு தளர்ந்தபோதும் நன்மை இருளருக்குப் போகவில்லை. கண் நெருக்கமான வலைகள்தான் பெருகின. கொசுவலை அளவுக்கு நெருங்கிய கண்ணில் விரல் நகம் அளவு குஞ்சும் மாட்டும். அது கிலோ விலைக்குக்கூடப் போகாது, கருவாட்டுத் தூளாகும். அதே குஞ்சு இரண்டு மாதம் ஏரியில் இருந்திருந்தால் பல மடங்கு விலை.

பதிவு 7 | களப்பு மீனவன்

நான் இலங்கையில் இருந்து எழுதுறன். நீர்கொழும்புக் களப்பிலயும் இதே முறை, இதே சொல். அங்க சிங்களத்தில ‘கட்டுடெல்’ எண்டு சொல்லுற கம்பு வலைக்கு உரிய இடங்களுக்குப் பேர் ‘பாடு’. கிராண்ட் ஸ்ட்ரீட், சீ ஸ்ட்ரீட், துவ, பிட்டிபன எண்டு நாலு மீனவர் சங்கங்கள் முறை மாறிக் கட்டுவினம். ஆருக்கு எந்த இடம் எண்டது சீட்டுப் போட்டுத்தான். எல்லாரும் கத்தோலிக்கர், இப்ப பேச்சு மொழி சிங்களம், ஆனால் தொழிற்சொல் தமிழ். பழவேற்காட்டையும் நீர்கொழும்பையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கு எண்டு விளங்கும்.

பதிவு 8 | கல்தூண்

நீர்கொழும்புச் செய்தி எனக்குப் புதிது, நன்றி ஐயா. உப்பங்கழி சாருக்கு ஒரு கேள்வி. அடைபட்டால் பொக்லைன் வைத்து மணலை அள்ளிவிட்டால் போதாதா? ஒவ்வொரு வருடமும் அதைத்தானே கேட்கிறார்கள்?

பதிவு 9 | உப்பங்கழி

அள்ளுகிறார்கள். சில வாரத்தில் மறுபடி மூடிக்கொள்கிறது. காரணம் இதுதான்.

நம் கிழக்குக் கரையில் மணல் கரையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால் மணல் வடக்கே போகும். வாடைக் காலத்தில் திசை திரும்பும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நகரும் மணல் முகத்துவாரத்தைக் கடக்கும்போது, உள்ளிருந்து வரும் நீரோட்டம் வலுவாக இருந்தால் மணலை வெளியே தள்ளும். வலு குறைந்தால் மணல் அங்கேயே உட்காரும். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிய நாளிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். மாசி, பங்குனிக்குப் பிறகு ஆற்றில் தண்ணீரும் இல்லை. தள்ளுவதற்கு ஆள் இல்லாத நேரத்தில் மணல் வந்து குவிகிறது.

இதில் ஏரி தூர்ந்துபோவதும் சேரும். ஏரி ஆழம் குறையக் குறைய, ஓர் ஓதத்தில் உள்ளே வந்துபோகும் தண்ணீரின் அளவு குறையும். அளவு குறைந்தால் வாயில் வேகம் குறையும், வேகம் குறைந்தால் வாய் சுருங்கும், வாய் சுருங்கினால் இன்னும் குறைவான தண்ணீர் வரும். வாயை மட்டும் தோண்டினால் இந்தச் சுழல் நிற்காது. உள்ளே நீரோட்டப் பாதைகளையும் ஆழப்படுத்தினால்தான் தோண்டிய வாய் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

தோண்டிய மணலை எங்கே கொட்டுவது என்பதும் பெரிய விஷயம். வாயின் தெற்குக் கரையில் கொட்டினால் அடுத்த தென்மேற்குப் பருவத்தில் அதே மணல் திரும்பி வரும். வடக்கே, அலை தொடாத மேட்டில் கொட்ட வேண்டும். வாயின் இரு பக்கமும் கடலுக்குள் கல் சுவர் கட்டி மணலைத் தடுப்பது நிரந்தர ஏற்பாடு. அதற்கும் விலை உண்டு: தெற்குச் சுவரில் மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும், அங்கும் குப்பங்கள் இருக்கின்றன. தெற்கே எண்ணூர் துறைமுகம் 2001-இலும் அதன்பின் காட்டுப்பள்ளியும் வந்த பிறகு, அவற்றுக்கு வடக்கே கரை அரிப்பதைப் பார்த்துவிட்டோம். அதனால் சுவர் கட்டுகிறவர்கள் வடக்கே மணல் ஊட்டும் வேலையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அதை விட்டுவிட்டால் ஓர் ஊரைக் காப்பாற்ற இன்னோர் ஊரைக் கொடுப்பதாகும்.

பதிவு 10 | பிறைமாடம்

மரக்காயர் என்ற முஸ்லிம் வணிகச் சமூகத்தின் தெருக்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மதீனாவிலிருந்து நாலு கப்பலில் வந்தவர்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. புதிய கலீஃபாவுக்குக் கட்டுப்பட மறுத்ததால் நாடு கடத்தப்பட்டார்கள், அதில் ஒரு கப்பல் இங்கே ஒதுங்கியது என்பார்கள். கதை கதைதான் என்றாலும், குதிரையும் துணியும் கைமாறிய துறைமுகத்தில் அரபு வணிகர் தங்கிக் குடும்பம் கண்டது இயல்பான விஷயம். அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அர்வி இங்கே வழக்கில் இருந்தது. பள்ளிவாசலில் 1914-ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம் இன்னும் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு மகிமை மாதா திருத்தலம். போர்த்துக்கீசியர் காலத்தில் 1515-இல் தொடங்கியது என்பது திருத்தல மரபு. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் செம்பாறைக் கல்லில் விரல் நீளத்துக்கு இராமாயணக் காட்சிகள். குனிந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும், காலையில் போங்கள்.

முஸ்லிம் பெண்கள் செய்யும் பனையோலைப் பெட்டிகள் தனி. விரிந்த ஓலை உதவாது, குருத்தோலைதான் வேண்டும். ஈர்க்கை உரித்து எடுத்து, வெயிலில் வெளுக்கும் வரை காயவைத்து, ஒரே அகலத்தில் வகிர்வார்கள். அகலம் ஒரு நூல் பிசகினாலும் மூலை சேராது. சாயம் வேண்டும் என்றால் கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். முடையும்முன் ஈரத்துணியில் சுற்றிவைப்பார்கள், காய்ந்த ஓலை மடிக்கிற இடத்தில் வெடிக்கும். ரொம்ப ஈரமும் கூடாது, காய்ந்தபின் பின்னல் தளர்ந்துவிடும். வாங்குகிறவர்கள் பெட்டியின் அடியைத் திருப்பி நாலு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அசையவில்லை என்றால் பல வருடம் உழைக்கும்.

பதிவு 11 | மீன்கூடை

நண்டு வாங்க வருகிறவர்களுக்கு. சேற்று நண்டில் கெட்டி நண்டு, தண்ணி நண்டு என்று இரண்டு. ஓடு கழற்றிச் சில நாளே ஆனது தண்ணி நண்டு. எடை இருக்கும், உள்ளே சதை இருக்காது, வேகவைத்தால் தண்ணீராகப் போகும். நண்டைத் திருப்பி, கால்கள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் தண்ணி நண்டு. பின்னே, ஓடு பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அழுக்கும் சிப்பியும் ஒட்டிய பழைய ஓடுதான் நல்லது.

கட்டும்போது பின்பக்கம் ஒரு காலால் மெல்ல அழுத்திப் பிடித்து, இரண்டு கொடுக்கையும் முகத்தோடு மடக்கி, முன்னிருந்து பின்னுக்கு இரண்டு சுற்று. கொடுக்கு உடைந்தால் விலை பாதியாகும். உயிரோடு கொண்டுபோக ஈரச் சாக்கு போதும். தண்ணீர் வாளியில் போடாதீர்கள், மூச்சுக்காற்று தீர்ந்து செத்துவிடும். வயிற்றில் சினை வெளியே தொங்கும் நண்டை வாங்கவே வேண்டாம், விற்பவரிடம் சொல்லித் திரும்ப விடச் சொல்லுங்கள்.

பதிவு 12 | கல்தூண்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பூநாரை பார்க்க எந்த மாதம்? படகு கிடைக்குமா?

பதிவு 13 | உப்பங்கழி

ஐப்பசியிலேயே வரத் தொடங்கும். ஆனால் மழை முடிந்த கையோடு போனால் ஏமாற்றம்தான். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரைச் சலித்துத் தின்னும் பறவை. கால் ஊன்ற முழங்கால் ஆழம் வேண்டும். நீர்மட்டம் இறங்குகிற தை, மாசி நல்லது.

படகு வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை இருக்கிறது. ஏரி ஆழமில்லை என்று நினைக்காதீர்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓதம் இறங்கும்போது ஓட்டம் கடுமையானது, நீச்சல் தெரிந்தவரையும் கடலுக்கு இழுத்துப்போகும். பூநாரை நிற்குமிடத்தில் படகு எப்படியும் தரை தட்டும், பறவையும் கலையும். கரையிலிருந்து இருநோக்கி (பைனாகுலர்) வைத்துப் பாருங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி.

இன்னொன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குள் குறிப்பிட்ட பகுதிக்குப் போகக்கூடாது என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும். அன்று மீன் ஏலம் மந்தமாக இருக்கும். மீன் வாங்கும் எண்ணத்தோடு போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 14 | கரைக்காற்று

கல்தூண், உங்கள் குறிப்பில் ஒரு வரி சேர்க்க முடியுமா? இறால் வாங்கும்போது கையால் பிடித்ததா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வலையில் நசுங்காமல் வருவதால் தலை கருக்காது, மீசை உடையாது. இருளர் பெண்கள் கரையேறியதும் வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். கரையிலேயே நேரடியாக வாங்கினால் அவர்களுக்குக் கிடைக்கும் விலை கூடும்.

பதிவு 15 | கல்தூண்

சேர்த்துவிட்டேன். குறிப்பில் ‘பறி’ பற்றிய பகுதிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.